உடப்பின் முதியோரும் பட்டணத்து இல்லங்களும்

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் கரையோரத்தில், மேற்கே கடலும் கிழக்கே முந்தல் களப்பும் நெருங்கிவர, இடைப்பட்ட மணற்பரப்பிலே குடியமைத்து, தமிழையும் திரௌபதை அம்மன் வழிபாட்டையும் கரைவலைத் தொழிலையும் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாது காத்துவரும் உடப்பு என்னும் ஊரைப் பற்றி எழுதப் புகுந்தோர், அதன் கோயிலையும் தீமிதிப்பையும் அம்பாப் பாடலையும் குறித்து விரிவாக எழுதியிருக்கின்றனர். அவ்வூரில் முதுமையடைந்தோரும் நோயுற்றோரும் எவ்வாறு பேணப்பட்டனர் என்பதும், அப்பேணுதல் வீட்டுத் திண்ணையைக் கடந்து அரசினர் வைத்தியசாலைக்கும், அங்கிருந்து பட்டணத்துப் பராமரிப்பு இல்லங்களுக்கும் எவ்வாறு சென்றது என்பதும் அதே அளவு சிரத்தையோடு ஆராயப்பட வேண்டியவை. தாயையோ தந்தையையோ எந்த இல்லத்தில் ஒப்படைப்பது என்று நீர்கொழும்பிலும் கொழும்பிலும் விசாரித்துத் திரியும் பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரத்தால் ஒரு பிரயோசனமும் உண்டு. ஓர் இல்லம் நல்லதா அன்றா என்று அளந்து பார்க்கும் கோல் அதற்குள்ளேயே கிடக்கிறது.

இராமநாதபுரத்துக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் தம் முன்னோர் என்பது உடப்பு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர்கள் கைக்கொண்ட கரைவலைத் தொழில் மனிதக் கைகளை மிகுதியாக வேண்டி நிற்பது. வலையைத் தோணியிலேற்றிச் சென்று கடலில் வளைத்து விட்டபின், அதன் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் காலை மணலில் ஊன்றி, மெல்ல மெல்ல இழுத்து வரவேண்டும். தோணியில் போக இயலாத வயதினன் கயிறு இழுக்கலாம். இழுக்கும் வலி தோளில் இல்லாதவன் இழுத்த கயிற்றைச் சுருட்டி வைக்கலாம். அதற்கும் இயலாதவன் நிழலில் அமர்ந்து கிழிந்த கண்ணிகளைப் பொத்தலாம். பெண்களுக்குக் கருவாட்டுப் பாயும், காகம் விரட்டும் கோலும் கடைசிவரை இருந்தன. இவ்வாறு முதுமை என்பது ஒருநாளில் வந்து ஒருவரை மூலையில் இருத்தும் நிலையாக இல்லாமல், படிப்படியாகப் பளுக் குறைந்துகொண்டே போகும் ஒரு வேலை நியமமாக இருந்தபடியால், வலை ஏறிய வேளையில் கறிக்கு மீன் பெற்றுச் செல்லும் உரிமை தளர்ந்த கைகளுக்கும் இருந்தது. அதை எவரும் தர்மம் என்று எண்ணிக் கொடுக்கவில்லை; எவரும் யாசகம் என்று எண்ணி வாங்கவும் இல்லை.

ஆயினும் அந்தப் பழைய ஒழுங்கைப் பொற்காலம் என்று போற்றிவிட நான் ஒருப்படேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், இக்கரை மீனவர் முல்லைத்தீவுப் பக்கத்துக் கரைகளுக்குப் பெயர்ந்து, வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்வது வழக்கம். அம்மாதங்களில் ஊரில் எஞ்சியவர் முதியோரும் பெண்களும் சிறு பிள்ளைகளுமே. படுக்கையில் விழுந்த கிழவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும், தூக்கி இருத்திக் கஞ்சி கொடுக்கவும், இரவில் எழுந்து விளக்குப் பிடிக்கவும் நின்றவள் பெரும்பாலும் ஒரே ஒரு மருமகள். அவள் இடுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கும். அவளுடைய உழைப்பு கரைவலைக்கு உடைமையாளரான எந்தச் சம்மாட்டியின் கணக்கிலும் ஏறவில்லை, எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை. பரியாரியார் வந்து நாடி பிடித்துக் கஷாயம் சொல்லிப் போனபின், அந்தக் கஷாயத்தைக் காய்ச்சி வேளை தவறாமல் புகட்டியவள் அவளே.

வைத்தியரையும் அவர் கொடுக்கும் மருந்தையும் விரித்துப் பேசும் நம்முடைய சரித்திர நூல்கள், பக்கத்தில் இருந்து பேணியவரைப் பற்றி அநேகமாக மௌனம் சாதிக்கின்றன. ஆனால் பண்டைய ஆதுலசாலைகளை ஏற்படுத்தியவர்கள் அவர்களை மறக்கவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1068இல் பொறிக்கப்பட்ட நெடிய கல்வெட்டு, அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையின் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது: பதினைந்து நோயாளிகளுக்குக் கிடக்கை, ஒரு வைத்தியர், சத்திர சிகிச்சை செய்வான் ஒருவன், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர் இருவர், நோயாளிக்கு வேண்டுவன செய்யும் பெண்கள் இருவர், நாவிதன் ஒருவன், தண்ணீர் கொண்டுவருவான் ஒருவன், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். பதினைவருக்கு இரு பெண்கள் என்னும் அந்தக் கணக்கையும் அந்த இரா விளக்கையும், ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஓர் இல்லத்தின் வாசலில் நிற்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஈழத்திலோ, மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையின் இடிபாடுகளில், மனித உடம்பு மல்லாந்து கிடக்கும் வடிவாகக் குடையப்பட்ட கற்றொட்டி இன்றும் கிடக்கிறது. மருந்து நீரில் நோயாளியைக் கிடத்துவதற்கான அந்தத் தொட்டியைக் குனிந்து பார்ப்பவருக்கு, தலைக்கு ஒரு குழி, தோளுக்கு ஓர் அகலம், காலுக்கு ஓர் ஒடுக்கம் என்று கல்தச்சன் உடம்பை அறிந்து செதுக்கியிருப்பது தெரியும். இயலாத ஒருவனை அதற்குள் இறக்கவும் ஏற்றவும் குறைந்தது இருவர் வேண்டும் என்பதும் உடனே தெரியும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் உடப்புக்கு வைத்தியசாலை என்றால் சிலாபம், அல்லது புத்தளம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து வழங்கிவந்த வாய்க்கால் வழியும் மணற்பாதையுமே போக்குவரத்துக்கு உதவின. 1926இல் புகைவண்டிப் பாதை புத்தளம் வரை நீண்டபின்னரே தூரம் சற்றுக் குறைந்தது. அதன்பின் சில ஆண்டுகளில், 1934இலும் 1935இலும், தெதுரு ஓயாவின் பள்ளத்தாக்கு உட்பட நாட்டின் பெரும்பகுதியைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தப் பேரழிவுக்குப் பிறகே கிராமப்புறங்களில் மருந்தகங்களும் சிறு வைத்தியசாலைகளும் பெருகலாயின. இலவச வைத்தியம் இத்தீவின் ஏழைகளுக்குக் கிடைத்த மகத்தான பேறு. அதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. ஆனால் நோய் தீர்ந்ததும் வீட்டுக்கு அனுப்புவது வைத்தியசாலையின் தர்மம். தீராத நோயும் தீர்க்கமுடியாத முதுமையும் உடையவர் அங்கே ஒரு கட்டிலை நெடுங்காலம் வைத்திருக்க இயலாது. அந்த இடைவெளியிலேதான் இல்லங்கள் தோன்றின.

கொழும்பில் ஏழைகளின் துயர் தீர்க்கவென்று 'பிரெண்ட் இன் நீட்' சங்கம் 1831இலேயே அமைந்துவிட்டது. தீராப்பிணியாளருக்காக இராஜகிரியவில் விக்டோரியா இல்லம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தது. இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்வது, ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் கன்னியர் 1888இல் கொழும்புக்கு வந்து முதியோருக்கென்று நிறுவிய இல்லமே. அச்சபையைத் தோற்றுவித்த ஜான் ஜூகன் அம்மையார், பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கில் கான்கால் என்னும் மீன்பிடி ஊரில் 1792இல் பிறந்தவர். அவர் சிறு குழந்தையாயிருந்தபோதே தகப்பனார் மீன்பிடிக்கப் போய்க் கடலில் மாண்டார். 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கண் பார்வையும் உடல் இயக்கமும் இழந்த ஒரு கிழவியைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தமது கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாம் மேலே பரணில் போய்ப் படுத்தார் என்பதே அந்த உலகளாவிய தாபனத்தின் தொடக்கம். கட்டடமோ நிதியோ சட்டமோ எதுவும் அப்போது இல்லை. ஒரு கட்டிலும் இரு கைகளும் இருந்தன. நிரந்தர வருமானம் தரும் சொத்துக்களை ஏற்பதில்லை என்பதும், சந்தையிலும் வீடுகளிலும் இரந்து பெற்றதைக் கொண்டே முதியோரைப் போஷிப்பது என்பதும் அச்சகோதரிகளின் நியமம். கடலில் தகப்பனை இழந்த பிள்ளைகள் எந்தக் கரையிலும் உண்டு. ஆதலால் உடப்புக் கரைக்கு அந்த அம்மையாரின் கதை அந்நியமானதன்று.

பணம் பெற்றுப் பராமரிக்கும் இல்லங்களின் சரித்திரம் வேறு. கொழும்பில் 'நேர்சிங் ஹோம்' என்று வழங்கப்பட்டவை தோட்டத்துரைமாருக்கும் உத்தியோகத்தருக்கும் வசதியுள்ள குடும்பங்களுக்கும் உரிய தனியார் வைத்தியசாலைகளாகவே முதலில் இருந்தன. இங்கிலாந்தில் அத்தகைய இல்லங்களைப் பதிவு செய்ய 1927இல் சட்டம் வந்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, 1949ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கையும் அவற்றை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. பின்னர் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுக்கு உட்படுத்தியது. இதற்கிடையே, முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், அறுபது வயதைக் கடந்தோரை முதியோர் என வரையறுத்து, பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று விதித்ததோடு, முதியோருக்காக நிறுவனங்கள் நடத்துவோர் பதிவு பெறவேண்டும் என்றும் கூறியது. ஆகையால் இல்லம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் அது பதிவாகியிருக்கிறது என்பதே. தாதியும் வைத்தியரும் வேண்டிய நோயாளியை, உண்டி உறையுள் மட்டும் கொடுக்கும் முதியோர் இல்லத்தில் விடுவதும், நடமாடும் திடமுள்ளவரைப் பெருஞ்செலவில் மருத்துவ இல்லத்தின் கட்டிலில் கிடத்துவதும், இந்த வேறுபாட்டை அறியாமையால் நேரும் தவறுகள்.

தேவை எப்படிப் பெருகியது என்பதற்குக் குடிசன மதிப்பீடே சான்று. நாட்டின் சனத்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 1981இல் 6.6 வீதம், 2012இல் 12.4 வீதம். இதே காலத்தில்தான் இளையோர் மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போகலாயினர். உடப்புக்குத் தெற்கே வென்னப்புவ முதலிய ஊர்களிலிருந்து இத்தாலிக்குச் சென்றவர்கள் அநேகர். அங்கே அவர்களில் பலர் செய்யும் ஊழியம் இத்தாலிய முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டிப் பராமரிப்பது. அவர்கள் அங்கே இரவில் விழித்திருந்து சம்பாதித்து அனுப்பும் பணத்தில், இங்கே அவர்களுடைய தாய் தந்தையருக்கு வேறொருவர் விழித்திருக்கிறார். இதில் எவரையும் குறைசொல்ல இடமில்லை. பிள்ளைகள் அன்பற்றவர்கள் என்று ஊர் பேசுவது எளிது. அதே ஊர் மருமகளின் தனி உழைப்பை அன்று கண்டுகொள்ளவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இனி, தேர்ந்தெடுப்பது எப்படி? பலரும் பகலில், அதிலும் முன்கூட்டி அறிவித்து, பத்து மணியளவில் போகிறார்கள். முற்றம் பெருக்கியிருக்கும், பூச்சாடி வைத்திருக்கும், அலுவலக அறையில் தேநீர் வரும். கட்டணம் எவ்வளவு, அறைக்கு மின்விசிறி உண்டா, தொலைக்காட்சி உண்டா என்று கேட்டுத் திரும்புகிறார்கள். திருமுக்கூடல் கல்வெட்டை வெட்டுவித்தவன் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்பதில்லை: கிடக்கை எத்தனை, கைகள் எத்தனை, இரவில் விளக்கு யாருடைய பொறுப்பு? பகலில் ஆறு பணியாளர் நடமாடும் இல்லத்தில் இரவு எட்டு மணிக்குமேல் ஒருவர் மட்டுமே இருக்கக்கூடும். அந்த ஒருவர் சமையற்காரராகவும் இருக்கக்கூடும். ஆகவே இரண்டு இல்லங்களை ஒப்பிடுவோர் இரண்டையும் ஒரே வேளையில், முடிந்தால் இராச்சாப்பாடு கொடுக்கும் நேரத்தில் போய்ப் பார்ப்பது நன்று. கையால் உண்ண இயலாதவருக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து ஊட்டுகிறாரா, அல்லது தட்டு வைக்கப்பட்டு அப்படியே எடுக்கப்படுகிறதா என்பதை அந்த அரைமணி நேரத்தில் கண்டுவிடலாம்.

உடம்பே சாட்சி சொல்லும் இடங்கள் உண்டு. எழுந்திருக்க இயலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும் என்பது தாதியர் அறிந்த விதி. மாற்றாவிட்டால் குதிகாலிலும் முதுகின் அடியெலும்பிலும் இடுப்பின் பக்கங்களிலும் தோல் முதலில் சிவக்கும், பின்னர் கறுக்கும், அதன்பின் படுக்கைப்புண் எலும்புவரை இறங்கும். இல்லத்திலுள்ளோரின் குதிகாலைப் பார்க்க அந்நியருக்கு உரிமை இல்லைதான். ஆனால் படுக்கைப்புண் உள்ளவர் எத்தனை பேர், அது இங்கே வந்தபின் ஏற்பட்டதா, பக்கம் மாற்றும் வேளைகளை எழுதிவைக்கும் ஏடு உண்டா என்று கேட்க உரிமை உண்டு. நன்கு நடத்துவோர் அந்த ஏட்டை எடுத்துக் காட்டுவார்கள். கேள்வியைக் கேட்டவுடன் முகம் மாறுமானால் அதையும் ஒரு மறுமொழியாகவே கொள்ளவேண்டும். மருந்து கொடுத்த வேளை எழுதப்படுகிறதா, விழுந்து அடிபட்டால் எந்த வைத்தியசாலைக்கு எந்த வாகனத்தில் கொண்டுபோவார்கள், முற்பணம் திரும்புமா, பம்பர்ஸுக்கும் மருந்துக்கும் தனிக் கணக்கா என்பவற்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நீர்கொழும்பு முதல் புத்தளம் வரையான கரையில் தமிழ் பேசிவந்த கத்தோலிக்க ஊர்கள் பல, பள்ளிக்கூட மொழி மாறியதைத் தொடர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் சிங்களம் பேசும் ஊர்களாயின. உடப்பு தமிழிலேயே நின்றது. கடைத்தெருவிலும் மீன் வியாபாரத்திலும் புழங்கிய ஆண்களுக்குச் சிங்களம் வரும். வீட்டோடும் கருவாட்டுப் பாயோடும் வாழ்ந்த முதிய பெண்களில் பலருக்கு வராது. கொழும்புக்கு அணித்தான ஓர் இல்லத்தில் இக்கரையைச் சேர்ந்த ஆச்சி ஒருவரைக் கண்டேன். கட்டிலருகே தண்ணீர்க் குவளை நிறைந்தபடி இருந்தது, உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடிக்கலியா ஆச்சி?" என்று கேட்டேன். "வேணாம் மகன். குடிச்சா அடிக்கடி போகணும். அந்தப் புள்ள நல்ல புள்ளதான், ஆனா அதுக்கு என் பாஷ தெரியாது, எனக்கு அது பாஷ தெரியாது. கையக் காட்டிக் கூப்பிட வெக்கமா இருக்கு" என்றார். அந்த இல்லம் அழுக்கானதன்று. பணியாளர் கொடியவரும் அல்லர். தண்ணீர் இருந்தும், கேட்க ஒரு சொல் இல்லாமையால் ஒருவர் தாகத்தோடு கிடந்தார். தமிழ் பேசும் பணியாளர் ஒருவராவது இரவில் இருக்கிறாரா என்பதை, அறையின் அகலத்தைக் காட்டிலும் முன்னதாக விசாரிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. யாழ்ப்பாணத்தில் கைதடியிலுள்ள அரசினர் முதியோர் இல்லத்தில் மொழியின் இடர் இல்லை. ஆனால் உடப்பிலிருந்து ஒரு மகள் மாதம் ஒருமுறை போய்வர அது மிகத் தூரம். மொழியா, அண்மையா என்று தேர்ந்தெடுக்க நேரும்போது, பெற்றவர் பேச்சுத் திடத்தோடு இருந்தால் மொழியையும், நினைவு மங்கியவராயின் பிள்ளைகள் அடிக்கடி வந்து முகங்காட்டக்கூடிய அண்மையையும் கொள்வதே தக்கது என்பது என் துணிபு.

உண்டியும் வழிபாடும் சிறு விஷயங்கள் அல்ல. வாழ்நாளெல்லாம் கடல்மீன் உண்டவருக்கு மீனில்லாத தட்டு பட்டினிக்குச் சமம். ஆடியில் திரௌபதை அம்மனுக்குக் கொடியேறியபின் விரதம் காப்பவருக்கோ மீனுள்ள தட்டு பெரும் சங்கடம். பதினெட்டு நாள் உற்சவத்தின் முடிவில் தீமிதிப்பைக் காண ஓரிரவு ஊருக்கு அழைத்துப்போக இல்லம் இசையுமா, திரும்பிவரும்போது கட்டில் அவருக்காகக் காத்திருக்குமா, இறுதி நேர்ந்தால் எந்நேரமாயினும் பிள்ளைகளுக்கு அறிவித்து உடலை ஊருக்குக் கொண்டுபோக வழிசெய்வார்களா என்பனவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்படலாகாது.

இத்தனையும் கேட்டுத் திருப்தியடைந்து ஓர் இல்லத்தைத் தெரிந்தாலும், உடப்பிலிருந்து அது தூரமாகவே இருக்கும். ஆதலால் உடப்பிலேயே ஓர் இல்லம் அமைப்பதைப் பற்றி எண்ணவேண்டும்; அதற்கு முன்மாதிரியும் உண்டு. 1936இல் யாழ்ப்பாணத்து மூளாய் என்னும் கிராமத்தார், அரசாங்கத்தையோ மிஷனரிமாரையோ காத்திராமல், கூட்டுறவு முறையில் தமக்கென ஒரு வைத்தியசாலையை அமைத்துக்கொண்டனர். கரைவலையைக் கூட்டாக இழுத்தும், பதினெட்டு நாள் உற்சவத்தைக் கூட்டாக நடத்தியும் பழகிய ஊருக்கு அந்த வழி கடினமானதன்று. வேண்டுவன இவை: பதினைந்து கட்டில், பகலில் நால்வர், இரவில் இருவர், ஊர் வைத்தியசாலையின் வைத்தியர் வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஏற்பாடு, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளின் மாதச் சந்தா, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முந்தல் பிரதேச செயலகத்தின் மூலம் பதிவு. இத்தாலியிலிருந்து திரும்பிவரும் பெண்களில் இந்த ஊழியத்தைக் கையறிய அறிந்தவர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். உரிய சம்பளம் கொடுத்தால் அவர்களில் இருவரேனும் முன்வந்து ஊர்ப் பெண்களைப் பழக்குவார்கள். முதற் கூட்டத்தைக் கோயில் மண்டபத்திலேயே கூட்டலாம். ஆடி உற்சவத்துக்கு வெளியூரில் உள்ளோரும் வந்து சேர்ந்திருக்கும் வேளை அதற்கு மிகவும் ஏற்றது.